டீமுக்கு டைம் ட்ராக்கிங் சாஃப்ட்வேர் வாங்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியதெல்லாம்

டைம் ட்ராக்கிங் சாஃப்ட்வேர், அதாவது யார் எந்த வேலைக்கு எத்தன மணி நேரம் செலவு பண்ணாங்கன்னு குறிச்சு வைக்கற சாஃப்ட்வேர், எது நல்லா இருக்கும்னு நாலு பேர்ட்ட கேட்டுப் பாருங்க, டாகிள், கிளாக்கிஃபை, ஹார்வெஸ்ட், ஹப்ஸ்டாஃப், ஜோஹோன்னு ஆளுக்கு ஒரு பேர் சொல்லுவாங்க, உங்களுக்கு அது எதுக்குன்னு கேள்வியே கேக்காம. கூகுள்ல தேடினா பச்ச டிக் போட்ட டேபிள் ஒண்ணு வரும், எல்லா டூலுக்கும் எல்லா டிக்கும் இருக்கும். அத வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. நான் இங்க எழுதறது பத்து, பதினஞ்சு பேர் இருக்கற சர்வீஸ் கம்பெனிகளுக்கு, வெப்சைட் பண்றவங்க, ஆப் டெவலப்மென்ட், டிசைன், ஆடிட் ஆபீஸ் மாதிரி, மணிக்கணக்கு வச்சு வேலை பாத்து மாசக் கடைசில பில் அனுப்பறவங்க. ஐநூறு பேர் கம்பெனின்னா அதுக்கு எச்ஆர் டீமும் புரோக்யூர்மென்ட்டும் இருக்கும், அவங்க கத வேற.

முதல்ல ஒரு பேப்பர எடுத்து, மாசம் முடிஞ்சதும் இந்த மணிக்கணக்க வச்சு நான் என்ன செய்யப் போறேன்னு எழுதுங்க. நெசமாவே எழுதுங்க, மனசுல நெனச்சா பத்தாது. பொதுவா நாலே பதில்தான் வரும். ஒண்ணு, கிளையன்ட்டுக்கு பில் போடணும். ரெண்டு, அடுத்த ப்ராஜெக்டுக்கு எஸ்டிமேட் கொடுக்கும்போது போன தடவ எவ்வளவு இழுத்துச்சுன்னு தெரியணும். மூணு, யார் எத்தன மணிக்கு வந்தாங்க, எத்தன நாள் லீவு, சம்பளத்துல எவ்வளவு பிடிக்கணும். நாலாவது பதில யாரும் பேப்பர்ல எழுத மாட்டாங்க, ஆனா பாதி பேருக்கு அதான் நெசமான காரணம், வீட்லேர்ந்து வேலை பாக்கறவங்க வேலை பாக்கறாங்களா தூங்கறாங்களான்னு தெரியணும்.

இதுல மூணாவது உங்க பதில்னா நீங்க தேடறது டைம் ட்ராக்கர் கிடையாது, அட்டெண்டன்ஸ் சாஃப்ட்வேர். கேகா, கிரேட்எச்ஆர், ஜோஹோ பீப்புள் மாதிரி பேரோல், அதாவது சம்பளக் கணக்கு பக்கத்துல இருக்கறது. பஞ்ச் மெஷின் ஒம்பது மணி நேரம்னு சொல்லும், அதுல எந்த கிளையன்ட்டுக்கு எவ்வளவுன்னு சொல்லாது. டாகிள்ல ஆறரை மணி நேரம்னு இருக்கும், மீதி ரெண்டரை மணி எங்க போச்சுன்னு சண்ட போடறவங்கள பாத்திருக்கேன், டீ, சாப்பாடு, ஜூனியருக்கு சொல்லிக் கொடுத்தது, நெட் கட்டானது எல்லாம் அந்த ரெண்டரைக்குள்ளதான் இருக்கு. ஒரு நாள்ல ஆறு மணி நேரம் பில்லபிளா, அதாவது கிளையன்ட்டுக்கு பில் போடற மாதிரி வந்தாலே நல்ல டீம்னு நான் சொல்லுவேன். ரெண்டையும் ஒரே டூல்ல போட்டு ரெண்டு நம்பரும் ஒத்துப் போகணும்னு எதிர்பாத்தா, ஜனங்க ஒத்துப் போற மாதிரி எழுத ஆரம்பிச்சிருவாங்க, அன்னையோட அந்த டேட்டா எதுக்கும் ஒதவாது.

நாலாவது காரணத்துக்கு வருவோம். ஹப்ஸ்டாஃப், டைம் டாக்டர் ரெண்டும் இந்த வகைக்குப் பேர் போனது. ஹப்ஸ்டாஃப்ல பத்து நிமிஷத்துக்கு மூணு ஸ்கிரீன்ஷாட் வரைக்கும் செட் பண்ணலாம், கூடவே ஆக்டிவிட்டின்னு ஒரு சதவீதம் காட்டும். அந்த சதவீதம் எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க, கீபோர்டோ மவுஸோ அசஞ்ச நொடிகள எண்ணி, மொத்த நேரத்தால வகுக்கறது, அவ்வளவுதான். அப்ப ஒரு சீனியர் டெவலப்பர் நாப்பது நிமிஷம் லாக் ஃபைல படிச்சு கோடுல இருக்கற தப்ப கண்டுபிடிச்சா அவருக்கு பத்து பர்சன்ட். டேட்டா என்ட்ரி பண்றவருக்கு தொண்ணூறு. கிளையன்ட்கிட்ட கால்ல பேசிட்டு இருந்தவருக்கு கிட்டத்தட்ட பூஜ்யம். இத வச்சு அப்ரைசல் போட்டா யார் கம்பெனிய விட்டுப் போவாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதோட மவுஸ தானா ஆட்டற ஜிக்லர் சாதாரணமா ஆன்லைன்ல விக்குது. அமெரிக்காவுல வெல்ஸ் ஃபார்கோ பேங்க் 2024ல கீபோர்ட் ஆக்டிவிட்டிய போலியா காட்டினாங்கன்னு பத்துப் பன்னெண்டு பேருக்கு மேல வேலைய விட்டு எடுத்துச்சு. அவ்வளவு பெரிய பேங்க்லயே ஜனங்க அத செஞ்சு பாத்திருக்காங்கன்னா உங்க ஆபீஸ்ல பண்ண மாட்டாங்களா.

ஸ்கிரீன்ஷாட்ல இன்னொரு வில்லங்கம் இருக்கு, இத நிறைய ஓனருங்க யோசிக்கறதே இல்ல. உங்க ஆளு கிளையன்ட்டோட நெசமான டேட்டா இருக்கற புரொடக்ஷன் டேட்டாபேஸ திறந்து வச்சிருக்கும்போது அந்த டூல் படம் எடுக்குது, அந்தப் படம் எங்கயோ ஒரு மூணாவது கம்பெனி சர்வர்ல போய் ஒக்காருது. நீங்க கையெழுத்துப் போட்ட என்டிஏல, அதாவது ரகசியம் காக்கற ஒப்பந்தத்துல, கிளையன்ட் டேட்டாவ வெளிய யாருக்கும் கொடுக்க மாட்டோம்னு ஒரு வரி கண்டிப்பா இருக்கும், எடுத்துப் படிச்சுப் பாருங்க. பேங்க் ஓடிபி, வாட்ஸ்அப்ல பொண்டாட்டி அனுப்பின மெசேஜ், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், எல்லாமும் அதுல விழும். இந்தியாவுல 2023ல தனிப்பட்ட டிஜிட்டல் டேட்டாவ பாதுகாக்கற டிபிடிபி சட்டம் வந்துருச்சு, 2025 நவம்பர்ல விதிகளும் வந்தாச்சு. வேலைக்கு வச்சிருக்கறவங்களோட டேட்டாவ வேலை சம்பந்தமா பயன்படுத்த முதலாளிக்கு சட்டத்துல எடம் இருக்கு, அதுக்காக என்ன வேணா எடுக்கலாம்னு அர்த்தம் இல்ல. கட்டாயம் ஸ்கிரீன்ஷாட் வேணும்னா படத்த மங்கலாக்கற ப்ளர் ஆப்ஷன ஆன் பண்ணுங்க, ஹப்ஸ்டாஃப், டைம் டாக்டர் ரெண்டுலயும் இருக்கு.

ஒரு விதிவிலக்கு, அப்வொர்க்ங்கற ஃப்ரீலான்ஸ் சைட்ல மணிக்கணக்கு வேலை எடுக்கறவங்க. அங்க அப்வொர்க்கோட ட்ராக்கரே பத்து பத்து நிமிஷமா பிரிச்சு ஸ்கிரீன்ஷாட் எடுக்கும், வொர்க் டயரிங்கற அந்தப் பதிவு இருந்தாதான் பேமென்ட் பாதுகாப்பு கிடைக்கும். அதுக்கு வேற வழி இல்ல, அத அப்படியே ஏத்துக்கிட்டு மத்த கிளையன்ட்டுகளுக்கு வேற டூல் வச்சுக்கலாம்.

சரி, உங்க பதில் பில்லிங்கோ எஸ்டிமேட்டோன்னு வச்சுப்போம். அப்ப பாக்க வேண்டிய முதல் விஷயம் ரிப்போர்ட் எவ்வளவு அழகா இருக்குன்னு இல்ல, என்ட்ரி போடறதுக்கு எத்தன கிளிக் ஆகுதுன்னு. டெமோவுல சேல்ஸ்காரர் காட்டறது பூரா டேஷ்போர்டு, அத பாக்கறது நீங்க ஒருத்தர், வாரத்துக்கு ஒரு தடவ. என்ட்ரி போடறது பன்னெண்டு பேர், தெனமும் ஏழெட்டு தடவ. ஒரு ஆளுக்கு டைம்ஷீட் நெரப்பவே தெனம் பத்து நிமிஷம் ஆச்சுன்னா பன்னெண்டு பேருக்கு ரெண்டு மணி நேரம், மாசம் 22 நாளுக்கு 44 மணி நேரம், அத எந்த கிளையன்ட் தலைல கட்டுவீங்க?

என்ட்ரி ரெண்டு விதமா போடலாம். டைமர ஸ்டார்ட் பண்ணி ஸ்டாப் பண்றது ஒண்ணு, சாயங்காலம் ஒக்காந்து மொத்தமா எழுதறது ஒண்ணு. டெவலப்பருங்களுக்கு டைமர் புடிக்கும்பாங்க, ஆனா ஸ்டாப் பண்ண மறந்துட்டு வீட்டுக்குப் போய் காலைல வந்து பாத்தா பதினாலு மணி நேரம் ஓடிருக்கும். அதனால ஐடில் டிடெக்ஷன் இருக்கான்னு பாருங்க, அதாவது கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர் சும்மா இருந்தா, இந்த இருபது நிமிஷத்த வச்சுக்கறதா தூக்கறதான்னு திரும்பி வந்ததும் கேக்கணும். டிசைனருங்க, மேனேஜருங்க பாதிப் பேர் டைமர தொடவே மாட்டாங்க, அவங்களுக்கு வாரம் பூரா ஒரே கட்டத்துல தெரியற டைம்ஷீட் வியூ வேணும், முடிஞ்சா கூகுள் காலண்டர்ல இருக்கற மீட்டிங்க அப்படியே இழுத்துப் போடணும். ரெண்டு வழியும் இருக்கற டூல எடுங்க. வெள்ளிக்கிழம சாயங்காலம் ஒக்காந்து திங்கக்கிழம என்ன பண்ணோம்னு யோசிச்சு எழுதறவங்க எழுதறது கத, கணக்கு இல்ல.

இப்ப ரொம்ப பேர் கவனிக்காத, ஆனா காசு போற எடங்களுக்கு வரேன். டைம்ஜோன். நம்ம ஆளு செப்டம்பர் 1ம் தேதி ராத்திரி ஒரு மணிக்கு வேலை பாக்கறாரு, நியூயார்க்ல அப்ப ஆகஸ்ட் 31 மத்தியானம் மூணரை. இந்த மணிக்கணக்கு ஆகஸ்ட் பில்லா செப்டம்பர் பில்லா? டூல்ல டைம்ஜோன் ஆளுக்கு தனியா இருக்கா, கம்பெனி மொத்தத்துக்கும் ஒண்ணா, ரிப்போர்ட் எந்த டைம்ஜோன்ல வருதுன்னு பாத்தே ஆகணும். மார்ச்லயும் நவம்பர்லயும் அமெரிக்காக்காரன் கடிகாரத்த மாத்துவான், ஒம்பதரை மணி நேர வித்தியாசம் நவம்பர்ல பத்தரை ஆயிரும், மார்ச்ல திரும்ப ஒம்பதரை, நமக்கு அந்த பழக்கமே இல்லாததால மறந்துருவோம். அதே மாதிரி ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு ரெண்டு மணிக்கு முடிச்ச என்ட்ரிய முதல் நாள்லயே வைக்குதா, நடு ராத்திரில ரெண்டா வெட்டுதான்னு டிரையல்லயே போட்டுப் பாருங்க.

அடுத்தது டெசிமல். ரெண்டு மணி இருபது நிமிஷத்த 2.20ன்னு எழுதறாங்க பாருங்க, சிஸ்டத்துக்கு அது ரெண்டு மணி பன்னெண்டு நிமிஷம். சரியா எழுதினா 2.33. எட்டு நிமிஷம்தானேன்னு தோணும், பன்னெண்டு பேர், மாசம் பூரா, கூட்டிப் பாருங்க. 2:20ன்னு கோலன் போட்டா நேரமாவும், 2.33ன்னு புள்ளி வச்சா டெசிமலாவும் எடுத்துக்கற டூல் நல்லது, போட்ட உடனே அத மணி நிமிஷமா மாத்திக் காட்டினா இன்னும் நல்லது, எழுதினவர் கண்ணுலயே தப்பு பட்டுரும்.

ரவுண்டிங் இன்னொண்ணு. பதினஞ்சு நிமிஷத்துக்கு ரவுண்ட் அப்னு ஒரு செட்டிங் நிறைய டூல்ல இருக்கும், அது ஒவ்வொரு என்ட்ரிக்கும் ரவுண்ட் பண்ணுதா, மொத்தத்துக்கு பண்ணுதாங்கறதுதான் கேள்வி. ஒரு நாள்ல நாலு நிமிஷ மெயில் வேலை அஞ்சு தடவ. நெசமா ஆனது 20 நிமிஷம். மொத்தத்த ரவுண்ட் பண்ணா 30. ஒவ்வொண்ணா பண்ணா 75. அந்த 75 நிமிஷத்துக்கு பில் போனா நல்ல கிளையன்ட் ஒரு தடவ கேப்பாரு, அப்புறம் கேக்காமலே வேற ஆள பாத்துக்குவாரு. அக்ரிமென்ட்ல என்ன எழுதிருக்கோ அத செட்டிங்ல வைங்க, டூலோட டீஃபால்ட்ட நம்பாதீங்க.

ரேட். ஏப்ரல்ல மணிக்கு 20 டாலர்னு இருந்தத அக்டோபர்ல 24 ஆக்கறீங்க. மாத்தினதும் பழைய மாசத்து ரிப்போர்ட்டெல்லாம் 24க்கு மாறிருச்சுன்னா ஆடிட்டர் கிட்ட என்ன சொல்லுவீங்க? இந்தத் தேதிலேர்ந்து இந்த ரேட்னு போட வழி இருக்கணும். அப்புறம் யார் யாருக்கு ரேட் தெரியுதுன்னு ஒரு ஜூனியர் லாகின்ல போய் நீங்களே பாருங்க. தன்னோட ஒரு மணி நேரத்துக்கு கிளையன்ட் எவ்வளவு தர்றான்னு ஒரு பையன் பாத்துட்டு அத சம்பளத்தோட வகுத்துப் பாத்தா, அந்த மாசம் நீங்க வேற ஒரு மீட்டிங் போட வேண்டியிருக்கும். (அந்த மீட்டிங்கும் நான்-பில்லபிள்தான்.)

பேர் பேரா என்னோட அபிப்ராயம் கேட்டா, சுருக்கமா சொல்றேன். டாகிள் ட்ராக், என்ட்ரி போட ரொம்ப சுலபம், ஸ்கிரீன்ஷாட் எடுக்கறதில்லன்னு கொள்கையாவே வச்சிருக்காங்க, அஞ்சு பேர் வரைக்கும் ஃப்ரீ. கிளாக்கிஃபை என்ட்ரி போடறதுல கிட்டத்தட்ட அதே மாதிரிதான், விலை கம்மி, ஸ்கிரீனெல்லாம் கொஞ்சம் நெரிசலா இருக்கும். ஹார்வெஸ்ட்ல மணிக்கணக்குலேர்ந்து நேரா இன்வாய்ஸ் போடலாம், குவிக்புக்ஸ், ஜீரோ (Xero) மாதிரி அக்கவுன்டிங் சாஃப்ட்வேரோட பேசும், ஆனா நம்மூர் ஆடிட்டருங்க பாதிப்பேர் டேலிலதான் இருப்பாங்க, அவங்ககிட்ட கேக்காம இதுக்காக மட்டும் வாங்காதீங்க. ஏற்கெனவே ஜோஹோ புக்ஸ்ல பில் போடறீங்கன்னா ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ்ல இருக்கற டைம்ஷீட்டே போதும், தனியா ஒண்ணு வாங்கறது வீண். டாஸ்க்கெல்லாம் ஜிராங்கற சாஃப்ட்வேர்ல வச்சு வேலை பாக்கற டீமுக்கு அதுலயே மணிக்கணக்கு குறிக்க லாக் வொர்க் இருக்கு, அது பத்தலன்னா அதுமேல டெம்போங்கற ஆட்ஆன சேத்துப் போடலாம், ஆனா ஒரு எச்சரிக்கை, ஜிரா கிளவுட்ல ஆட்ஆனுக்கு காசு மொத்த ஜிரா யூசர் எண்ணிக்கைக்கும் சேத்துதான், பத்து பேர்தான் டைம் போடறாங்கன்னாலும் ஜிராவுல முப்பது பேர் இருந்தா முப்பதுக்கும் கட்டணும். சர்வர் பாத்துக்க ஒரு ஆள் இருந்தா கிமாய் பாருங்க, ஓப்பன் சோர்ஸ், பிஎச்பில எழுதினது, சொந்த சர்வர்ல போட்டுக்கலாம், டேட்டா வெளிய போகாது. பேக்கப் எடுக்கறது, அப்டேட் போடறது எல்லாம் உங்க தலைல வரும், அது ஃப்ரீ இல்ல. வெளிய சைட்டுக்குப் போற ஆளுங்க இருந்தா மொபைல் ஆப் நெட் இல்லாதப்பவும் ஓடி அப்புறம் சிங்க் ஆகுதான்னு மட்டும் பாருங்க, மத்ததெல்லாம் அவங்களுக்கு தேவையில்ல.

விலை பத்தி. ஆளுக்கு மாசம் 7 டாலர்னு வச்சுக்குவோம், பன்னெண்டு பேருக்கு 84, வருஷத்துக்கு 1008 டாலர். அதிகமா தோணுது இல்லையா? இப்ப இந்தப் பக்கம் போடுங்க, ஆளுக்கு தெனம் ஒரு கால் மணி நேரம் பில்லுல சேக்காம விட்டுப் போகுது, பன்னெண்டு பேருக்கு தெனம் மூணு மணி, மாசத்துக்கு 66 மணி, மணிக்கு 15 டாலர்னாலும் 990 டாலர். ஒரு வருஷ சந்தா கிட்டத்தட்ட ஒரு மாசத்துலயே வந்துருது. உங்க டீமுக்கு இதே கணக்க உங்க நம்பர்ல போட்டுப் பாருங்க, கால் மணி இல்லாம வெறும் ரெண்டு நிமிஷம்தான் விடுதுன்னா கூகுள் ஷீட்லயே இருங்க, அதுல ஒரு கொறச்சலும் இல்ல. வெளிநாட்டு கம்பெனிக்கு உங்க ஜிஎஸ்டி நம்பர கொடுத்து வரி இல்லாத பில் வாங்கினா ரிவர்ஸ் சார்ஜ்ல, அதாவது விக்கறவருக்கு பதிலா வாங்கறவர் வரி கட்டற முறைல, 18 சதவீதம் நீங்களே கட்டி இன்புட் கிரெடிட்டா எடுக்கணும், ஆடிட்டருக்கு முன்னாடியே சொல்லிருங்க. கார்டு சமாச்சாரமும் இருக்கு, ரிசர்வ் பேங்க் ரூல் 2021 அக்டோபர்லேர்ந்து மாறினதுல வெளிநாட்டு ஆட்டோ பேமென்ட் சில நேரம் ஃபெயில் ஆயிரும், 15,000 ரூபாய்க்கு மேல போனா ஒவ்வொரு தடவையும் ஓடிபி வேற. பேமென்ட் ஃபெயில் ஆனா டூல் உடனே பூட்டிக்குதா, சில நாள் டைம் தருதான்னு சப்போர்ட்ல கேளுங்க, அவங்க எவ்வளவு சீக்கிரம் பதில் போடறாங்கன்னும் அதுலயே தெரிஞ்சுரும்.

டிரையலுக்கு மொத்த டீமையும் எறக்காதீங்க. மூணு பேர் போதும், ரொம்ப ஒழுங்கான ஒருத்தர், டைம்ஷீட்ட கண்டாலே ஓடற ஒருத்தர், அப்புறம் நீங்க. ரெண்டாவது ஆளு தொல்ல இல்லாம ஒரு வாரம் போட்டாருன்னா அந்த டூல் தேறும். டாஸ்க் லிஸ்ட்ட ரொம்ப நீட்டாதீங்க, ஒரு ப்ராஜெக்டுக்கு ஏழெட்டு தலைப்பு, டிசைன், கோடிங், டெஸ்டிங், கிளையன்ட் கால், திருத்தம், இன்டர்னல் அவ்வளவுதான். நாப்பது தலைப்பு வச்சா எல்லாரும் மத்தவைன்னு இருக்கறத தட்டிட்டுப் போயிருவாங்க. இதுல திருத்தத்த மட்டும் கண்டிப்பா தனியா வைங்க, ஃபிக்ஸட் விலைக்கு எடுத்த ப்ராஜெக்ட் எல்லாம் எங்க நஷ்டமாகுதுன்னா பெரும்பாலும் அந்த வரிலதான். மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்காம டிரையல் நடுவுலயே ஒரு நெசமான இன்வாய்ஸ் போட்டுப் பாருங்க, சிஎஸ்வி எக்ஸ்போர்ட் எடுத்து எக்செல்ல திறந்து பாருங்க, ஒரு யூசர தூக்கிட்டு அவரோட பழைய மணிக்கணக்கு ரிப்போர்ட்ல இருக்கான்னும் பாருங்க. வேலைய விட்டுப் போனவரோட ஹிஸ்டரி வேணும்னா அவருக்கும் சீட் காசு, அதாவது ஆளுக்கு இவ்வளவுன்னு இருக்கற சந்தா, கட்டிட்டே இருக்கணும்னு சில டூல்ல இருக்கு.

டீம்கிட்ட சொல்றத கடைசில வச்சுக்காதீங்க, வாங்கறதுக்கு முன்னாடியே சொல்லுங்க. எதுக்காக எடுக்கறோம், யார் பாப்பாங்க, எதுக்கு பயன்படுத்த மாட்டோம், மூணும் எழுத்துல. அப்ரைசலுக்கு எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டு ஆறு மாசம் கழிச்சு, உங்க பில்லபிள் கம்மியா இருக்கேன்னு ஒரு தடவ கேட்டீங்கன்னா முடிஞ்சுது, மறுநாள்லேர்ந்து எல்லாருக்கும் கரெக்டா எட்டு மணி நேரம் விழும். நீங்களும் போடணும், பார்ட்னரும் போடணும், சேல்ஸ் காலுக்கு எவ்வளவு நேரம் போகுதுன்னு உங்களுக்கே அப்பதான் தெரியும். திங்கக்கிழம மத்தியானம் போன வாரத்து டைம்ஷீட்ட யாரும் மாத்த முடியாதபடி பூட்டுங்க, பூட்டின பிறகு மாத்தணும்னா காரணம் எழுதி டீம் லீட் திறந்து விடணும், இத முதல் வாரத்துலேர்ந்தே பண்ணாதான் பழகும்.

வருஷ பிளானுக்கு இருபது சதவீதம் தள்ளுபடின்னு மெயில் மேல மெயில் வரும். மூணு மாசம் மந்த்லிலயே இருங்க. அதுக்கப்புறம் எடுக்கறதுன்னாலும், நடுவுல ரெண்டு பேர் போயிட்டா சீட்ட கொறைக்க முடியுமா, காசு திரும்ப வருமா, கணக்க மூடினா டேட்டா எத்தன நாள் இருக்கும், இந்த மூணுக்கும் மெயில்ல பதில் வாங்கிட்டு கட்டுங்க.